கொல்கத்தா இசைத்தட்டுச் சந்தையில் நாட்டுப்புறப் பாடகரின் பெயர்: அப்பாசுத்தீன் அகமது முதல் ரதன் காஹார் வரை

முன்னுரை

நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் ஊரைவிட்டு நகரத்தின் இசைச்சந்தைக்குள் நுழைந்து புகழும் பொருளும் பெறும்போது, திறனாய்வாளர் பெரும்பாலும் ஒரே வினாவை எழுப்புகின்றனர். பாடல் தன் தூய்மையை இழந்ததா, இல்லையா என்பதே அது. இவ்வினா நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் செல்வதில்லை. வயலில் பாடும்போது ஒரு வகையாகவும், வண்டிப்பாதையில் பாடும்போது மற்றொரு வகையாகவும், திருவிழாவில் பாடும்போது வேறொரு வகையாகவும் பாடப்படுவதே நாட்டுப்புறப் பாடலின் இயல்பு. மாறாத மூலம் என ஒன்றைக் கற்பித்துக்கொண்டு அதிலிருந்து எவ்வளவு விலகியது என அளப்பது, ஓடும் ஆற்றில் கோடு கிழிப்பதை ஒக்கும்.

இக்கட்டுரை அவ்வினாவை விடுத்து வேறொன்றை எழுப்புகிறது. பாடல் சந்தைக்குள் நுழையும்போது யாருடைய பெயர் நிலைபெறுகிறது? யாருடைய பெயர் உதிர்கிறது? இதற்கு விடை காண்பதற்குக் கொல்கத்தா நகரம் மிகப் பொருத்தமான களமாகும். இந்தியாவில் கிராமபோன் நிறுவனத்தாரின் ஒலிப்பதிவு 1902-இல் இந்நகரில்தான் தொடங்கியது. 1908-இல் இசைத்தட்டு அச்சிடும் ஆலை இந்நகரின் சியால்தா பகுதியில் அமைந்தது. கிழக்கு வங்கத்தின் கதைப்பாடல்களைத் தினேஷ் சந்திர சென் பதிப்பிக்க, 'மைமன்சிங்க கீதிகா' என்னும் தொகுப்பாக 1923-இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நாட்டுப்புறப் பாடலை விற்போரும் ஆய்வோரும் ஒரே நகரில், ஒரே காலத்தில் இயங்கினர் என்பது நோக்கத்தக்கது. அப்பாசுத்தீன் அகமது, பூர்ண தாஸ் பாவுல், ரதன் காஹார் ஆகிய மூவரை முன்வைத்து, அவர்களுள் முதலாமவரைச் சற்று விரிவாக நோக்கி, இறுதியில் தமிழ்ச்சூழலுக்கு அதனாற் பெறப்படுவதைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பாடலுக்குள் அமைந்த பெயர்

நாட்டுப்புறப் பாடல் என்றாலே ஆசிரியர் பெயரற்றது என்னும் கருத்து பாடநூல்கள்வழி நம்மிடையே வேரூன்றியுள்ளது. வங்கத்தின் பாவுல் பாடல் மரபு இக்கருத்திற்கு மறுப்பாக அமைகிறது. பாவுல் பாடல்களின் இறுதிப் பகுதியில் இயற்றியவர் தம் பெயரையோ தம் ஆசானின் பெயரையோ வைத்துப் பாடுவது வழக்கம். இதனை வங்காளியர் 'பணிதா' என்பர். 1890-இல் மறைந்த லாலன் ஃபக்கீரின் பாடல்கள் பெரும்பாலும் அவர் பெயர் தாங்கியே முடிகின்றன. அவர் காலத்தில் அவை எழுத்தில் பரவியவை அல்ல. வாயிலிருந்து வாய்க்குப் பரவியவை. ஆயினும் பெயர் அழியவில்லை. பெயர் பாடலின் உறுப்பாக இருந்ததால், பாடலை நினைவில் வைத்தவர் பெயரையும் நினைவில் வைக்க வேண்டியதாயிற்று.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலாகிய திருக்கடைக்காப்பில் தம் பெயரையும் ஊரையும் பதிகப் பயனையும் வைத்துப் பாடினார். பிற்காலத்துக் கீர்த்தனை ஆசிரியர்கள் முத்திரை வைத்தனர். பெயரைப் பாடலுக்குள் பொதிந்து வைப்பது, எழுத்தைச் சார்ந்திராத சமூகங்கள் கண்டறிந்த காப்பு முறை எனலாம்.

ஆனால் எல்லாப் பாடல் வகைகளுக்கும் இக்காப்பு இல்லை. வட வங்கத்தின் கூச்பிகார், ஜல்பாய்குரி, ரங்கப்பூர்ப் பகுதிகளிலும் அசாமின் கோவால்பாராப் பகுதியிலும் வழங்கும் 'பாவாயியா' என்னும் பாடல் வகையில் பணிதா வைக்கும் வழக்கம் இல்லை. மாட்டுவண்டி ஓட்டுபவர், எருமை மேய்ப்பவர், யானைப்பாகர் ஆகியோரின் தொழிலையும், அவர்களைப் பிரிந்திருக்கும் பெண்டிரின் ஏக்கத்தையும் பொருளாகக் கொண்டவை இவை. நம் தெம்மாங்கும் ஏற்றப்பாட்டும் போல, பாடுபவருக்குத் தம் பெயரைப் பதிக்க வேண்டிய தேவை எழாத சூழலில் பிறந்தவை. எனவே இவை சந்தைக்கு வரும்போது பெயரின்றியே வருகின்றன. அப்பெயரற்ற இடத்தை யார் நிரப்புகிறார் என்பதே அடுத்த வினா.

தட்டின்மேல் ஏறிய பெயர்

1902 நவம்பரில் கொல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் பதிவு செய்யப்பட்டபோது, பாடலின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். இந்தியாவில் பதியப்பட்டவை அன்று ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்கு அனுப்பப்பட்டுத் தட்டுகளாக அச்சாயின. அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர் எது யாருடைய பாடல் என அடையாளங்காண இவ்வறிவிப்பு உதவியது. தொழில்தேவையால் பிறந்ததாயினும், பணிதாவின் இடத்தில் வந்தமர்ந்த புதிய முத்திரையாக இதனைக் கருதலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பணிதாவில் ஒலித்தது ஆக்கியோர் பெயர். தட்டில் ஒலித்தது பாடுநர் பெயர். விரைவில் இவ்வறிவிப்பும் வழக்கொழிந்து, பெயர் தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளுக்கு இடம்பெயர்ந்தது. அன்று முதல் பெயரை வைப்பவர் பாடகர் அல்லர், நிறுவனத்தார்.

பெயரை வைக்கும் உரிமை கைமாறியதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. முகமது காசிம் என்னும் பாடகர் காளியைப் போற்றும் சியாமா சங்கீதத்தில் புகழ்பெற்றவர். அவர் தட்டுகளில் கே. மல்லிக் என்னும் பெயரிலேயே அறியப்பட்டார். 1940-களில் கொல்கத்தாவில் வங்காளப் பாடல்களைப் பதிவு செய்த தலத் மகமூத் 'தபன் குமார்' எனப் பெயர் பூண்டார். வாங்குவோர் பெரும்பான்மையாக இந்துக்களாக இருந்த சந்தையில், முசுலிம் பாடகரின் குரல் விலைபோயிற்று. பெயர் விலைபோகாது என்ற கணிப்பு நிலவியது. இப்பின்னணியில் வைத்து நோக்கினால்தான் அப்பாசுத்தீன் அகமது செய்ததன் பொருள் விளங்கும்.

அப்பாசுத்தீன் அகமது: வென்றதும் விட்டதும்

அப்பாசுத்தீன் 1901-இல் கூச்பிகார் அரசிலிருந்த தூபான்கஞ்சு வட்டத்தில் பலராம்பூர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜாபர் அலி அகமது தூபான்கஞ்சு நீதிமன்றத்தில் வழக்குரைஞர். அப்பாசுத்தீன் முறையாக இசை பயின்றவரல்லர். தம் ஊரில் கேட்டவற்றைக் கேட்டவாறே பாடிப் பழகியவர். பின்னர்க் கொல்கத்தாவில் சில காலம் உஸ்தாத் ஜமீருத்தீன் கானிடம் பயின்றார். 1930-களில் கிராமபோன் நிறுவனத்தின் புகழ்மிக்க பாடகர்களுள் ஒருவரானார். காஜி நஸ்ருல் இஸ்லாம் அந்நிறுவனத்திற்குப் பாடல் எழுதி இசையமைத்துவந்த காலம் அது. நோன்புப் பெருநாளைப் பாடும் நஸ்ருலின் பாடலை அப்பாசுத்தீன் 1930-களின் தொடக்கத்தில் பாடிப் பதிவு செய்தார். வங்காள மொழியில் இசுலாமியப் பாடல்கள் தட்டுகளாக விற்பனையாகும் என்பதை நிறுவியதில் இப்பாடலுக்குப் பெரும்பங்குண்டு. இன்றும் வங்கதேசத்தில் பெருநாளுக்கு முந்திய மாலையில் ஒலிக்கும் பாடல் அதுவே.

இத்தட்டுகளில் அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கூச்பிகாரின் சிற்றூரிலிருந்து வந்தவர், சந்தையின் பொதுக் கணிப்பிற்கு மாறாக, அப்பாசுத்தீன் அகமது என்னும் பெயரிலேயே பாடி வென்றார். அவர் பெற்ற வணிக வெற்றியின் முதன்மையான கூறு இதுவென்பது இக்கட்டுரையின் கருத்து. வெற்றி என்பது விற்ற தட்டுகளின் எண்ணிக்கை மட்டுமன்று. எந்தப் பெயரில் விற்றன என்பதும் ஆகும்.

பாவாயியா தட்டுக்கு வந்தபோது நிகழ்ந்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, கால அளவு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்டது. பாதையின் நீளத்திற்கேற்ப நீளும் வண்டிக்காரன் பாடல் மூன்று நிமிடத்தில் தொடங்கி முடிய வேண்டியதாயிற்று. இரண்டாவது, கேட்போர். வண்டிக்காரன் பாடல் தனிமையில் பாடப்படுவது. கேட்போர் எவருமில்லை என்பதே அதன் சூழல். தட்டிலோ கேட்போர் எண்ணற்றோர். மூன்றாவது, மொழி. பாவாயியா கூச்பிகார் வட்டார வழக்கில் அமைந்தது. கொல்கத்தாவின் செம்மொழி வழக்கிற்கு அது அயலானது.

மூன்றாவது மாற்றத்திற்கு ஒரு சான்று காட்டலாம். கச்சுவா என்னும் ஆற்றின் பெயரைச் சொல்லித் தொடங்கும் பாவாயியா ஒன்றை அப்பாசுத்தீன் பாடக் கேட்ட நஸ்ருல், அதே மெட்டில் செம்மை வங்காளத்தில் புதிய பாடல் ஒன்று எழுதினார். மெட்டு அவ்வாறே நின்றது. ஆற்றின் பெயர் மட்டும் அஞ்சனா என்றாயிற்று. மீன் பிடிப்பவர் நின்ற கரையில் கவிதைக்குரிய பறவை வந்து ஆடியது. நஸ்ருலின் பாடல் அழகானதே. அதனைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. பாடுநர் பெயர் மாறாமல் காக்கப்பட்ட அதே சூழலில், பாடலுக்குள் இருந்த ஊரின் பெயர் மாறிப்போயிற்று என்பதே இங்குச் சுட்ட விரும்புவது. எனினும் அப்பாசுத்தீன் இதனோடு நின்றுவிடவில்லை. வட்டார வழக்கிலேயே அமைந்த பாவாயியாப் பாடல்களையும் அவர் பாடிப் பதிவு செய்தார். அவையும் பெரும்புகழ் பெற்றன. வண்டிக்காரனை விளிக்கும் பாடலும், வலையில் சிக்கிய கொக்கின் பாடலும் இன்றளவும் எல்லையின் இருபுறத்தும் பாடப்படுகின்றன.

பாவாயியாவின் தனித்தன்மை குரல் உடைதலில் உள்ளது. நீண்டெழும் ஓசை நடுவில் ஒடிந்து, மேல்நிலைக்குத் தாவி, மீண்டும் இறங்கும். மேடுபள்ளமான பாதையில் வண்டி குலுங்குவதால் பாடுபவரின் குரல் ஒடிந்ததே இதற்குக் காரணம் என அப்பகுதி மக்கள் விளக்கம் கூறுவர். இவ்விளக்கம் மெய்யோ புனைவோ, தொழிலின் தடம் குரலில் பதிந்துள்ளது என்னும் உணர்வை அது காட்டுகிறது. அப்பாசுத்தீன் ஒலிப்பதிவு அறையில் அசையாது நின்று பாடியபோதும் இவ்வுடைவை விடவில்லை. பயிற்சியால் மெருகேறிய குரலில் அதனை எளிதாக நீக்கியிருக்க முடியும். நீக்கியிருந்தால் நகரத்துச் செவிக்கு இனிமையும் கூடியிருக்கும். நீக்காமல் விட்டது அவரது கலைத்தெரிவு. தூய்மை பற்றிய வினாவிற்கு விடை வேண்டுவோர் இவ்விடத்தில் அதனைக் காணலாம்.

இனி, அவரால் இயலாததும் கூறப்பட வேண்டும். அப்பாசுத்தீன் வண்டிக்காரரல்லர், வழக்குரைஞரின் மகன். எவருடைய பாடலை அவர் பாடினாரோ அவ்வண்டிக்காரர்களுள் ஒருவரும் அவரைப் பின்தொடர்ந்து ஒலிப்பதிவு அறையின் கதவைக் கடந்து நகரப் புகழ் பெற்றதாகத் தெரியவில்லை. தட்டின் வட்டத்தாளில் பாடல் வகையைக் குறிக்க 'பொல்லிகீதி', அதாவது ஊர்ப்புறப் பாட்டு, என்னும் சொல் வழங்கிற்று. ஊர் எது என்பதற்கு அதில் இடமில்லை. இவ்வாறு ஒரு பெயர் மீட்கப்பட்ட அதே வட்டத்தாளில் பல பெயர்கள் ஒரு வகைப்பெயருக்குள் அடங்கின. இதனை அப்பாசுத்தீனின் குற்றமாகக் கொள்வது முறையன்று. வட்டத்தாளின் அமைப்பே அது. 1947-இல் டாக்காவுக்குக் குடிபெயர்ந்து 1959-இல் அங்கு மறைந்த அவர், தம் கலைவாழ்வைப் பற்றி எழுதிவைத்த தன்வரலாறு அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தது. தட்டில் இடம்பெறாத ஊரையும் ஆற்றையும் மக்களையும் அந்நூலில் அவர் நினைவுகூர்ந்துள்ளமை, விட்டதை அவரும் உணர்ந்திருந்தார் எனக் கருத இடந்தருகிறது.

அமெரிக்க ஒப்புமை

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே நிகழ்ச்சி வேறுவகையில் நடந்தது. 1927-இல் பிரிஸ்டல் என்னும் சிறுநகரில் ரால்ஃப் பியர் என்பவர் மலைப்பகுதிப் பாடகர்களை அழைத்துப் பதிவு செய்தார். பின்னாளில் 'கன்ட்ரி' எனப் பெயர்பெற்ற இசைவகை வணிகமானதற்குத் தொடக்கமாக அப்பதிவுகளைக் கூறுவர். அங்குப் பாடியோருள் ஜிம்மி ராஜர்ஸ் குரலை உடைத்துப் பாடுவதில் புகழ்பெற்றார். பாவாயியாவின் குரல் உடைவோடு இதனை ஒப்பிடத் தோன்றுவது இயல்பே. ஆயினும் நம் வினாவிற்கு அவரைவிட ஏ. பி. கார்ட்டர் முதன்மையானவர். அவர் மலையூர்களில் அலைந்து பழம்பாடல்களைத் திரட்டினார். அவற்றுள் பல அவர் பெயரிலேயே பதிப்புரிமை பெற்றன. அவருடன் சென்று மெட்டுகளை நினைவில் ஏற்றிவந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின இசைக்கலைஞர். அவர் பெயர் நெடுங்காலம் வெளியில் தெரியவில்லை. பெயரற்ற பாடல் சந்தைக்கு வரும்போது அவ்விடம் வெற்றிடமாகவே இருந்துவிடுவதில்லை; அருகில் நிற்பவர் பெயர் அதில் வந்து அமர்கிறது. கொல்கத்தாவிற்கும் பிரிஸ்டலுக்கும் இது பொது.

முகம் உண்டு, பெயர் இல்லை

பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த பூர்ண தாஸ் பாவுல், புகழ்பெற்ற பாவுலான நபனி தாஸின் மகன். பாப் டிலனின் மேலாளராயிருந்த ஆல்பர்ட் கிராஸ்மன் அழைப்பின்பேரில் 1967-இல் இவரும் இலட்சுமண தாஸும் அமெரிக்கா சென்றனர். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' இசைத்தட்டின் அட்டையில் டிலனுக்கு இருபுறமும் இவ்விருவரும் நிற்கின்றனர். உலகெங்கும் பரவிய அவ்வட்டையின் முகப்பில் அச்சாகியுள்ளவை டிலனின் பெயரும் தொகுப்பின் பெயருமே. பணிதா மரபில் வந்த ஒருவர், பெயரின்றி முகமாக மட்டும் உலகச்சந்தைக்கு அறிமுகமானார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பூர்ண தாஸின் பிற்கால வாழ்வு இவ்விடத்தில் தேங்கவில்லை. தம் பெயரிலேயே தட்டுகள் வெளியிட்டார். பல நாடுகளில் பாடினார். 2013-இல் பத்மசிறீ விருது பெற்றார். இத்தகைய வெற்றிக்குப் பாவுல் பாடலின் அமைப்பும் துணை நின்றது எனலாம். மேடை எதுவாயினும் பாடலின் இறுதியில் ஓர் ஆசானின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். நியூயார்க்கிலும் அப்பெயர் ஒலிக்கும். அட்டையை அச்சிடுவோர் கைவைக்க இயலாத இடத்தில் அது உள்ளது.

ரதன் காஹார்: 'மரபுப்பாடல்' என்னும் சொல்லின் விலை

பீர்பூமின் சியூரி நகரைச் சேர்ந்த ரதன் காஹார், பாது முதலிய பாடல்வகைகளில் தேர்ந்தவர். செல்வர் வீட்டு மகளின் கூந்தலையும் அதில் சூடிய செவ்வந்தியையும் பாடும் பாடல் ஒன்றைத் தாம் 1972-இல் இயற்றியதாக அவர் கூறிவந்துள்ளார். 1976-இல் ஸ்வப்னா சக்கரவர்த்தி என்னும் பாடகியின் குரலில் அது இசைத்தட்டாக வெளிவந்து வங்கமெங்கும் பரவியது. பாடகி புகழ்பெற்றார். ரதன் காஹாரின் பெயர் பாடலுடன் பரவவில்லை. பாடலுக்குள் பணிதா இல்லை. தட்டிலும் பெயர் இல்லை. இவ்விரண்டும் இல்லாத நிலையில் அப்பாடல் நாளடைவில் 'மரபுப்பாடல்' ஆயிற்று.

2020 மார்ச்சில் வட இந்தியப் பாடகர் பாத்ஷா இப்பாடலின் பகுதியைத் தம் 'கேந்தா பூல்' என்னும் இந்திப் பாடலில் சேர்த்து வெளியிட்டார். சில நாள்களிலேயே அது பல கோடிப் பேரைச் சென்றடைந்தது. ரதன் காஹாரின் பெயர் விடுபட்டதை வங்காளியர் பலர் சுட்டிக்காட்டியபோது, தாம் தேடியவரையில் அது மரபுப்பாடலாகவே குறிக்கப்பட்டிருந்தது என்னும் பொருள்பட பாத்ஷா விளக்கம் அளித்தார். பின்னர் ஐந்து இலட்சம் ரூபாயை ரதன் காஹாருக்கு அனுப்பினார். 2024-இல் ரதன் காஹார் பத்மசிறீ விருதுக்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

இந்நிகழ்வைப் பெரியோன் எளியோனைச் சுரண்டிய கதையாக மட்டும் படிப்பது எளிது. ஆனால் அவ்விளக்கத்தில் ஆய்வுலகம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேடியவருக்கு 'மரபு' என்ற குறிப்பே கிடைத்தது. அக்குறிப்பை முன்பே எழுதிவைத்தவர் யார்? ஒரு தலைமுறைக் காலத்தில் தட்டு வெளியிட்டோர், ஒலிநாடா விற்றோர், மேடையில் அறிவித்தோர், தொகுத்தோர் ஆகிய பலரும் சேர்ந்து எழுதிய குறிப்பு அது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆக்கியோர் என்னும் தனியாளை மையமாகக் கொண்டது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைச் சேர்த்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிய ஊதியப் பங்கை வலுப்படுத்தியது. இவை அனைத்தும் பெயருடையார்க்கே பயன்படும். ஆய்வாளர் நாவில் 'மரபுப்பாடல்' என்பது மதிப்புச்சொல். வணிகர் நாவிலோ அது 'உரியவர் எவருமில்லை' என்பதன் மறுபெயர். ஒரே சொல் ஓரிடத்தில் சிறப்பாகவும் மற்றோரிடத்தில் இழப்பாகவும் பொருள்படுகிறது.

தமிழ்ச்சூழல்

தமிழகத்தில் இப்பெயர்ச் சிக்கல் சற்று வேறுபட்ட வடிவில் உள்ளது. 'ஆண் பாவம்' (1985) திரைப்படத்தின்வழிக் கொல்லங்குடி கருப்பாயியும், 'தூள்' (2003) திரைப்படத்தின்வழிப் பரவை முனியம்மாவும் பரந்த மக்களை அடைந்தனர். இருவர் பெயரிலும் ஊர் முன்னே நிற்கிறது. ஒக்கூர் மாசாத்தியார், கோவூர் கிழார் எனச் சங்கப்புலவர் ஊரோடு அறியப்பட்ட மரபின் நீட்சியாக இதனைக் கொள்ளலாம். கொல்கத்தாத் தட்டு ஊரின் பெயரை வகைப்பெயரில் கரைத்தது. தமிழ்த் திரை ஊரின் பெயரைப் பாடகர்க்கு முன்னொட்டாக்கிக் காத்தது. ஆனால் காக்கப்பட்டது பாடுநர் பெயரே. அவர்கள் யாரிடம் கேட்டுப் பாடினர், எந்த அடிகள் அவர்கள் தாமே கட்டியவை என்னும் செய்தி திரையின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

மற்றொரு வகைக் கடப்பும் தமிழில் நிகழ்ந்தது. அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் ஊர் ஊராகச் சென்று பழகிய இளையராஜா, 'அன்னக்கிளி' (1976) திரைப்படத்தின்வழி இசையமைப்பாளராக அறிமுகமானார். ஊர்ப்புற இசையில் வளர்ந்தவரே ஆக்கியோர் என்னும் சட்டநிலையை எய்தினார் என்பது இதன் சிறப்பு. ரதன் காஹாரின் பாடல் அவர் பெயரின்றித் தட்டான ஆண்டும் அதுவே. ஓராண்டில் ஒருவர் பெயர் ஏறியது. மற்றவர் பெயர் உதிர்ந்தது. திறன் இருவர்க்கும் இருந்தது. வாயிலில் நிற்கும் இடமே வேறுபட்டது. 2021-இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலையொட்டி 2022 ஆகஸ்டில் எழுந்த பொது விவாதமும், பாடலை ஆக்கியதில் எவர் பங்கு எவ்வளவு, எவர் பெயர் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றியதே. அப்பாடலின் வேர் ஒப்பாரி மரபிலும் உழைப்போர் நினைவிலும் உள்ளது என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டனர். அவ்வேருக்குப் பெயரிடும் முறைதான் நம்மிடம் இல்லை.

இவ்விடத்தில் நம் துறையையும் நாம் விலக்கிவைத்துப் பேச இயலாது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' முதலான தொகுப்புகள், பாடலின் கீழ்ச் சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் குறிக்கும் நெறியை உறுதிப்படுத்தின. அது பெரும்பேறு. ஆனால் பாடியவர் பெயரைக் குறிக்கும் நெறி அதே அளவு உறுதிப்படவில்லை. பின்வந்த ஆய்வேடுகள் பலவற்றிலும் பின்னிணைப்பில் 'தகவலாளர் பட்டியல்' ஒன்று இருக்கும்; எப்பாடல் எவர் தந்தது என்னும் இணைப்பு இராது. களத்தில் நாற்று நட்டுக்கொண்டே பாடிய மூதாட்டி, நம் ஏட்டில் 'தகவலாளர்' ஆகிறார். அவர் பாடல் 'தரவு' ஆகிறது. இசைநிறுவனத்தின் வட்டத்தாளிலிருந்து இது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

நாட்டுப்புறப் பாடகரின் வணிக வெற்றியை அளக்கத் தூய்மை என்னும் கோல் பயன்படாது; பெயர் என்னும் கோலே பயன்படும் என்பது இதுவரை கூறியவற்றால் பெறப்படும். அப்பாசுத்தீன் தம் பெயரையும் குரலின் உடைவையும் காத்தார். ஆற்றின் பெயரும் வண்டிக்காரர் பெயரும் காக்கப்படவில்லை. பூர்ண தாஸ் பெயரின்றிப் புகுந்தபோதும், பாடலுக்குள் இருந்த பெயரை எவராலும் நீக்க இயலவில்லை. ரதன் காஹாருக்கு இவ்விரு காப்பும் இல்லாமற்போக, நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பிறர் எழுப்பிய குரலால் பெயர் மீண்டது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் நமக்கு ஒரு வழியைக் காட்டிச் சென்றுள்ளனர். பாடியவர் பெயர் தெரியாத பாடல்களை அவர்கள் 'மரபு' என எழுதி ஒதுக்கவில்லை. அப்பாடலின் சிறந்த தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், குப்பைக்கோழியார் என்றும் பெயரிட்டனர். பெயர் தெரியாவிடினும் பாடலுக்குப் பின்னே ஒருவர் இருந்தார் என்பதை மறக்கவிடாத அறம் இது. புறநானூற்றுப் பாடல்களின் கீழுள்ள குறிப்புகள் பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை என ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்கின்றன.

நாட்டுப்புறப் பாடலுக்கும் அத்தகைய அடிக்குறிப்பை வகுப்பது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளால் இயலக்கூடியது. பாடியவர், அவர் யாரிடம் கேட்டார், ஊர், தொழில், ஆண்டு, அவர் தாமே சேர்த்த அடிகள், சேகரித்தவர் என ஏழு குறிப்புகள் ஒவ்வொரு பாடலின் கீழும் அமைதல் வேண்டும். பாடியவர் பெயர் வேண்டாமென்றால் அவர் விருப்பமும் அங்கேயே பதிவாக வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பாடல் முடிந்தபின் எழுந்துவிடாமல் மேலும் கால்மணி நேரம் அமர்ந்து கேட்கும் பொறுமையே தேவை. நாளை எவரேனும் ஒரு பாடலை எடுத்துப் பெருஞ்சந்தைக்குக் கொண்டுசெல்லும்போது, தேடினேன், பெயர் கிடைக்கவில்லை என்று கூற இடமின்றிச் செய்வது நம் கையில் உள்ளது.